கஞ்சி போட்ட படம்

ஆரணியில் பேஸ்டலில் படம் போடுகிறவர்கள் எல்லோரும் ஒரே ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுவோம். யாராவது ஒருவர் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தால் ஒரு மாநகராட்சியே நடப்பது போல இருக்கும். அத்தனை விதிமுறை, அத்தனை கோபம், அத்தனை வெளிநடப்பு.

பேஸ்டல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்க சாக்பீஸ் மாதிரி இருக்கும். சாக்பீஸ் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். கலர்ப்பொடியில் கொஞ்சமே கொஞ்சம் பசை சேர்த்துக் குச்சியாக உருட்டியது அது. தண்ணீர் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், பிரஷ் வேண்டாம். தாளில் தேய்த்தால் பிடிக்கும். பிடிக்கும் என்றால் ஏதோ பெயருக்குப் பிடிக்கும். ஊதினால் பறக்கும், தொட்டால் கையோடு வரும், பக்கத்தில் யாராவது தும்மினால் மேகம் இடம் மாறிவிடும். படத்தை முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகும் அது பாதி பொடிதான்.

இந்தப் பொடியை நான் கொண்டுவந்து சேர்த்தது, கூடத்தில் பட்டுத்தறி ஓடுகிற வீட்டில். தறியில் உட்காருவது என் கணவர். அவருக்குப் பின்னால் ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றி, அதாவது குறுக்கே ஓடும் இழையைச் சின்னக் குழலில் சுற்றி, தருவது நான். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. தூசி விஷயத்தில் அவரைப் போல ஒரு மனிதரைப் பார்க்க முடியாது. மிக்சர் பாக்கெட்டைக்கூட வாசலில் வைத்துத்தான் பிரிப்பார். சந்தன நிறத்துப் பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டு இழைகளில், ஒரு கடுகு அளவு நீலம் விழுந்தாலும் அந்தச் சேலை கல்யாணப் பெண்ணிடம் போகாது. அதனால் நான் முதல் டப்பா பேஸ்டலை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே தீர்ப்பு வந்துவிட்டது.

"பின்னாடி தோட்டத்துல வச்சி இன்னா வேணா கிறுக்கிக்கோ. ஒரு பொட்டு கலர் பாவுல பட்டுதுன்னா, டப்பாவோட ஏரில போட்டுட்டு வந்துடுவேன்."

சொன்னால் செய்கிறவர். ஆகவே துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒரு தகரக் கொட்டகைக்குக் கீழே, என் ஸ்டூடியோ ஆரம்பமானது. படம் போட்டு முடித்ததும் குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டுதான் ராட்டையைத் தொடுவேன். பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலிருந்து இதையெல்லாம் கவனித்துவிட்டு ஒரு நாள் மெதுவாக விசாரித்தார். "இன்னாம்மா, ஒரு நாளைக்கு எத்தினி தபா தலைக்கு ஊத்திக்கிற? யாருனா தவறிட்டாங்களா?"

என்னை இதில் இழுத்துவிட்டது ஒரு பல் டாக்டர் அம்மா. கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யப் போயிருந்தேன். நாற்காலிக்கு எதிரே சுவரில் ஒரு மயில் படம் மாட்டியிருந்தது. அவரே போட்டது என்றார். என் வாய்க்குள் இரண்டு கருவியும் அவருடைய விரல்களும் இருந்த நிலையில், அந்தக் கழுத்து மயில்கழுத்துக் கலரில் இல்லை, பச்சை இன்னும் ஒரு பிடி வேண்டும் என்று சொல்லப் பார்த்தேன். அவருக்கு எப்படியோ புரிந்துவிட்டது. பல் டாக்டர்களுக்கு எல்லாம் புரியும். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது, அன்றைக்கு வந்து நீங்களே போட்டுக் காட்டுங்கள் என்றார். கட்டிய பல் இன்னும் ஆடாமல் இருக்கிறது. போட்ட மயிலைப் பற்றிப் பேச வேண்டாம்.

அப்படித்தான் ஞாயிறுதோறும் அந்த வெயிட்டிங் ஹாலில் கூட ஆரம்பித்தோம். பேஸ்டல் போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது என்பது என் அனுபவம். பொடி மூக்கில் ஏறாமல் இருக்க மாஸ்க் இலவசம். கையுறை இலவசம். வாய் கொப்பளிக்கிற தொட்டியில் கை கழுவிக்கொள்ளலாம். தரை டைல்ஸ், ஈரத் துணியால் துடைத்தால் போதும். துடைப்பம் போடவே கூடாது. போட்டால் கீழே படுத்திருந்த பொடியெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு மூன்று சொல்லிவிடுகிறேன். பலகையைப் படுக்கப் போட்டு வரையாதீர்கள், நிமிர்த்தி வையுங்கள், பொடி தானாகக் கீழே விழும். கீழே ஒரு பழைய காலண்டர் தாளை மடித்து வைத்தால் எல்லாம் அதில் சேர்ந்துவிடும். எக்காரணம் கொண்டும் வாயால் ஊதாதீர்கள். ஊதினால் உங்கள் படத்தின் பொடி பக்கத்தில் இருப்பவர் படத்தில் போய் உட்காரும், அதிலிருந்து சண்டை வரும், எங்களுக்கு வந்திருக்கிறது. அழுக்கான குச்சிகளைச் சுத்தம் செய்யப் பச்சரிசியில் போட்டுக் குலுக்குங்கள், பளிச்சென்று வெளியே வரும். ஆனால் அந்த அரிசியை உடனே கொட்டிவிடுங்கள். நான் மஞ்சள் குச்சிகளைக் குலுக்கிய அரிசியை ஒரு கிண்ணத்தில் விட்டு வைத்தேன். எதிர்வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு அட்சதை குறைந்துவிட்டது என்று யாரோ ஓடிவந்து அதை எடுத்துப்போய்விட்டார்கள். மாப்பிள்ளையின் தலையும் சட்டையும் எலுமிச்சை மஞ்சளாக இருக்கிற அந்த ஆல்பம் இன்றும் அந்த வீட்டில் இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் குழுவுக்குத் தலைவர் ஓய்வுபெற்ற ஒரு பேங்க் மேனேஜர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவரே பொறுப்பேற்றுக்கொண்டார். கலருக்கெல்லாம் டப்பாவில் போட்டிருக்கிற இங்கிலீஷ் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்பது அவர் விதி. குழுவில் பிளவுஸ் தைக்கிற டெய்லர் ஒருவர் இருக்கிறார். அவரும் நானும் அதைச் செவ்வாய்க்கிழமைக்குள் கவிழ்த்துவிட்டோம். ஆரணியில் பிறந்தவர்களுக்குக் கலரின் பெயர் சேலைக் கடையில் இருக்கிறது. அரக்கு, மாம்பழம், வெங்காயத்தோல், ராமர் பச்சை, மெந்தியம். இதைவிட்டு வேறு எதைச் சொன்னாலும் கை தானாக டப்பாவில் தடவிக்கொண்டுதான் இருக்கும். கடைசியில் மேனேஜரே ஒரு நாள் மறதியாக அந்த அரக்கை எடுங்கள் என்றார். டாக்டர் அம்மா மாஸ்க்குக்குள் சிரித்தார்.

வாட்ஸ்அப்பில் இன்னொரு விதி போட்டார். யாராவது படம் அனுப்பினால் வெறும் சூப்பர் என்று போடக்கூடாது, மனதில் பட்ட குறையைச் சொல்ல வேண்டும். நல்ல விதிதான். முதலில் அவர் கோட்டைப் படத்தை அனுப்பினார். டெய்லர், கோட்டைக்கு இடுப்பில் அரை இஞ்ச் பிடிக்கலாம் என்று குறை சொன்னார். மேனேஜர் குழுவைவிட்டு வெளியேறினார். மாலையில் டாக்டர் அம்மா மறுபடி சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து எல்லாப் படமும் சூப்பர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, போன ஆடியில் ஒரு கண்காட்சி வைக்கலாம் என்று முடிவானது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால் சும்மா கிடக்கும், டாக்டர் அம்மாவிடம் பல் கட்டிக்கொண்ட மண்டபத்துக்காரர் தருவதாகச் சொல்லிவிட்டார். ஆளுக்கு ஒரு நல்ல படம், ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டிவிட வேண்டும்.

நான் என் கணவரைப் போடலாம் என்று நினைத்தேன். கேட்டேன். மூஞ்சியை எல்லாம் ஊர் பார்க்க மாட்ட வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு ரோஷம் வந்தது. மூஞ்சி தராவிட்டால் போகட்டும், முதுகு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை என்று அதை எடுத்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் அவர் முகத்தைவிட முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ராட்டையில் உட்கார்ந்தால் எதிரே அதுதான். எந்த மச்சம் எங்கே, பனியன் எந்த இடத்தில் முதலில் கிழியும், தார் வைத்த நாடாவைக் குறுக்கே ஓடவிடும் கயிற்றை இழுத்து இழுத்து வலது தோள் எவ்வளவு இறங்கியிருக்கிறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். தார் சுற்றும்போது பார்த்துக்கொள்வேன், பின்னால் போய் போடுவேன், சந்தேகம் வந்தால் குளித்துவிட்டு வந்து மறுபடி பார்ப்பேன். அந்தப் படம் எனக்கு வந்த மாதிரி அதற்கு முன்னால் எதுவும் வந்ததில்லை. அதைச் சபையில் வைக்க வேண்டும், அவர் வந்து பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு இது கிறுக்கல் இல்லை என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. தோட்டத்துக் கொட்டகை அந்த வருஷ மழைக்கு ஒழுக ஆரம்பித்திருந்தது, அவர் ஒப்புக்கொண்டால் வீட்டுக்குள் ஓர் ஓரம் கிடைக்கலாம் என்பதும் ஒரு காரணம்.

கண்காட்சிக்கு முந்தைய வாரம் எங்களுக்கு ஒரு இடி விழுந்தது. மேனேஜர் தன் கோட்டைப் படத்தைக் கண்ணாடி போடக் கொடுத்திருந்தார். அந்தக் கடைக்காரர் சாமி படத்துக்கு ஃப்ரேம் போட்டே பழகியவர். கோட்டைக்கு மேலே இருந்த வானம் முழுக்கத் தூசியாக இருக்கிறதே என்று, நல்ல மனதோடு, ஒரு காட்டன் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டார். துடைத்ததற்குத் தனியாகக் காசு வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். மேனேஜர் அந்த வெள்ளை வானத்தைக் கொண்டுவந்து எங்களிடம் காட்டினார்.

பேஸ்டல்காரர்கள் சேர்ந்தால் கடைசியில் இந்தப் பேச்சில்தான் வந்து நிற்போம்: பொடியை எப்படி நிறுத்துவது? அதற்கென்று ஒரு ஸ்ப்ரே சென்னையில் கிடைக்கிறது. அடித்தால் பொடி நிற்கும், ஆனால் கலர் ஒரு ஷேடு இறங்கிப் படம் மங்கிவிடும். கூடவே கூடாது, படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் அட்டை வைத்து இடைவெளி விடுவதுதான் வழி என்றார் மேனேஜர். டெய்லர் எல்லோருக்கும் அட்டை வெட்டித் தருவதாகச் சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆடிக் காற்று வேறு. வீட்டுக்கு வந்து, நிக்கலையே, நிக்கலையே என்று தார் சுற்றிக்கொண்டே புலம்பினேன். தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

ஆடி வெள்ளிக்குப் பக்கத்து வீட்டு அம்மாவோடு படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு, சந்தவாசலில் கூட்டத்தோடு பஸ் பிடித்து, சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தேன். கூடத்தில் தறி சும்மா இருந்தது. பின்னால் போனேன்.

எங்கள் தெருவில் காலையில் பாவு நீட்டுவார்கள். இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைப் பம்ப்பால் தெளித்து, நீளமான பிரஷ்ஷால் நீவிவிட்டுக் காயவைப்பார்கள். கஞ்சி ஏறினால்தான் இழை பிசிறு இல்லாமல் நிற்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. ஆனால் அதை என் தோட்டத்தில், முருங்கை மரத்துக்கும் துணிக்கொடிக் கம்பத்துக்கும் நடுவில், நாலு மூலையிலும் கிளிப் போட்டு, நூல் கட்டி, விறைப்பாக இழுத்து, ஒரு குட்டிப் பாவாக என் படத்துக்குச் செய்திருப்பதை நான் எதிர்பார்க்கவில்லை. தாள் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. படத்தின் அடியில், தறிக்கட்டை போட்டிருந்த இடத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு பட்டைக் கோடு. பிரஷ் போயிருக்கிறது. முதுகு முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் கஞ்சி.

அவர் பம்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஒரு இழுப்புதான் இழுத்தேன். கலரு கூடவே வந்துடிச்சி, வுட்டுட்டேன்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நிக்கல நிக்கலன்னு பொலம்பிகினு இருந்தியே. எனக்குத் தெரிஞ்சி நிக்க வைக்கிறதுக்கு இது ஒண்ணுதான் கீது."

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் எரியும். ஒரு பாட்டம் திட்டினேன். தூசி தூசி என்று என்னை நாளெல்லாம் குளிக்க வைத்த மனிதர், என் பொருளில் மட்டும் கேட்காமல் கை வைப்பாரா என்று கத்தினேன். அதன் பிறகு நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். தட்டை மட்டும் சத்தமாக வைத்தேன். படத்தைக் கொட்டகைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு மண்டபத்துக்குப் போனேன்.

ஹாலில் எல்லாப் படமும் ஏறிவிட்டது. மேனேஜரின் கோட்டைக்கு மேலே புது வானம் வந்திருந்தது, இந்த முறை கொஞ்சம் மழை மேகத்தோடு. என் இடத்தில் ஆணியும், டெய்லர் அழகாக எழுதி ஒட்டியிருந்த "முதுகு" என்ற அட்டையும் மட்டும் இருந்தன. படம் எங்கே என்று மேனேஜர் கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன். படத்துக்கா என்றார். ஆமாம் என்றேன்.

ஆட்கள் வர ஆரம்பித்த நேரத்தில் என் கணவர் உள்ளே வந்தார். சலவை வேட்டி, சலவைச் சட்டை. நெய்து முடித்த சேலையைக் கடைக்குக் கொண்டுபோகிற வெள்ளைத் துணியில் என் படத்தைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். யாரையும் கேட்கவில்லை. பிரித்தார், கிளிப்பில் கட்டிய நூலைப் பிடித்து ஆணியில் மாட்டினார், ஒரு அடி பின்னால் வந்து நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.

"எதுக்குக் கொண்டாந்தீங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"தேதி சொன்னா சரக்கு போயாவணும். டேமேஜ்னா டேமேஜ்னு சொல்லிக் குடுக்கணும். கொண்டு போவாம இருக்கக் கூடாது."

சொன்னபடியே செய்தார். படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வந்த ஒவ்வொருவரிடமும் சேலை கொடுக்கிற அதே குரலில் சொல்ல ஆரம்பித்தார். "கீழ ஒரு கோடு கீது பாருங்க, அது டேமேஜ். நான் பண்ணது. மேல கீறது எல்லாம் அவங்க வேலை."

என்னை 'அவங்க' என்று அவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. மீதியைக் கஷ்டப்பட்டுப் பிடித்துவைத்துக்கொண்டேன்.

இன்னொரு பக்கம் மேனேஜருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. முதுகில் இருந்த சொட்டுகளைக் காட்டி, பாருங்கள், வேர்வையை எவ்வளவு நுட்பமாகக் கொண்டுவந்திருக்கிறார் என்று ஒரு கல்லூரி ஆசிரியருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவரும் தலையாட்டிக்கொண்டே போட்டோ எடுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவின் பாவுக்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். படத்துக்கு முன்னால் நின்றார்கள். ஒருவர் குனிந்து மோந்து பார்த்தார்.

"கஞ்சி," என்றார்.

அதோடு கண்காட்சி கஞ்சிக் கூட்டமாக மாறியது. திட்டுத் திட்டாக விழுந்திருக்கிறது என்றார் ஒருவர். பதம் தண்ணியாகிவிட்டது என்றார் இன்னொருவர். யார் போட்டது, இப்படியா போடுவது என்று கேட்டார்கள். டேமேஜை அவ்வளவு தைரியமாக ஒத்துக்கொண்ட என் கணவருக்குக் கஞ்சியில் குறை சொன்னதும் முகம் சிவந்துவிட்டது. காற்று அதிகம், தாள் குடிக்கிற வேகம் வேறு, பட்டு குடிக்கிற வேகம் வேறு என்று வாதாடினார். மேனேஜர் நடுவில் புகுந்து அது வேர்வை என்றார். பாவுக்காரர்கள் அவரைப் பாவமாகப் பார்த்தார்கள். ஹாலின் மறுபக்கத்தில் டாக்டர் அம்மாவின் மயில் ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகுதான் கவனித்தேன். அவர் படத்துக்குப் பக்கத்தில் இல்லை, எதிரே நின்றிருந்தார். அந்தப் பட்டைக் கோட்டைப் பார்க்கவில்லை, கஞ்சியைப் பார்க்கவில்லை. இடது கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய்த் தன் வலது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வருகிற வழியில் வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டார். "என் தோளு அப்பிடியா எறங்கிக் கீது?"

"ஆமாங்க."

"எத்தினி நாளா?"

"ரொம்ப நாளா," என்றேன். தினமும் பார்க்கிறேன், கலர் சரியாக வந்ததா என்று கவலைப்பட்டேனே தவிர, வலிக்கிறதா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அன்றைக்கு வண்டியிலேயே கேட்டேன். மழைக்காலத்தில் மட்டும் என்றார்.

மறுநாள் காலையில் நான் ராட்டைக்கு வந்தபோது தறி ஓடவில்லை. பாவின் மேல் தலையிலிருந்து கால்வரை ஒரு பழைய வேட்டியைப் போட்டு, அதற்கு மேல் இன்னொரு வேட்டியும் போட்டு, ஓரங்களைச் செருகி மூடியிருந்தார். கொட்டகையில் இருந்த என் பலகை கூடத்து ஜன்னல் பக்கம் வந்திருந்தது. நிமிர்த்தித்தான் வைத்திருந்தார். கீழே பழைய காலண்டர் தாள் மடித்து வைத்திருந்தது. இவ்வளவையும் எப்போது கவனித்தார் என்று தெரியவில்லை. எதிரே ஒரு ஸ்டூல் போட்டு, சலவைச் சட்டையோடு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மூஞ்சியப் போடு," என்றார். "ஜல்தி போடு, வேல கீது."

நான் முதலில் கஞ்சிப் பம்ப்பை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டு வந்தேன். முதுகுப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை, பேஸ்டல் போடுகிறவர்களுக்காக: கஞ்சி போடாதீர்கள். கரப்பான் வருகிறது. ஒரு மூலை போயே போய்விட்டது.

பிறகு உட்கார்ந்து, வெங்காயத்தோல் கலரை எடுத்து முகத்தின் வெளிக்கோட்டைப் பிடித்தேன். இமைக்காமல் உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் கட்டியபோதும் துடைத்துக்கொள்ளவில்லை, கலைந்துவிடும் என்று பயம். கழுத்துக்குக் கீழே வந்ததும் உதட்டை அசைக்காமல் பேசினார்.

"தோள மட்டும் கொஞ்சம் நேரா போட்டுடு."

"சரிங்க," என்றேன். இருக்கிறபடியேதான் போட்டேன்.